மெதுவாக இடித்தவன்

கால்வாய்க் கரைக் குடிசைகளை இடிக்க முடியாதென்று ஜேசிபி ஓட்டுநர் ஏகாம்பரம் சாவியைத் திருப்பி நீட்டினான். மேஸ்திரி வாங்கவில்லை. "நீ போனா சங்கிலிமுத்து வருவான். அவன் சட்டி பானையக்கூட எடுக்க விடமாட்டான். நீயே யோசி."

யோசித்துவிட்டு ஏறினான். ஒவ்வொரு வீட்டின் முன்பும் எஞ்சினை அணைத்துக் காத்திருந்தான். பாத்திரம், தொட்டில், கோழிக்கூண்டு எல்லாம் வெளியே வந்த பிறகே இடித்தான். சங்கிலிமுத்துவாக இருந்தால் இவ்வளவும் மிஞ்சியிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சாயங்காலம் கரையில் ஒரு கூரையும் இல்லை. கடைசி வீட்டுக்காரி குப்பம்மா, குவித்து வைத்த சாமான்களுக்குள் சொம்பைத் தேடியெடுத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குடிப்பா. நல்லவேளை, இடிக்க நீ வந்த."

அவனுக்குக் கை எழவில்லை.

"என்னைய ரெண்டு வார்த்த திட்டிடுக்கா."

அவள் புரியாமல் சொம்பை இன்னும் அருகில் நீட்டினாள்.