மூன்றுக்கு ஒரு கறுப்பு

"குறுக்கேவா? கிளைவ், உங்களுக்கு மூளை கீளை கலங்கிப்போச்சா?"

மெர்வ் அளவு நாடாவைப் படீரென்று சுருட்டினார். லான்செஸ்டன் ஊரில் முப்பது வருஷமாக மரத்தரை போடுகிறவர். இப்படி ஒரு கூத்தை எந்த வீட்டிலும் கண்டதில்லை.

"குறுக்கேதான்," என்றார் கிளைவ். ரிட்டயரான பஸ் டிரைவர், எழுபத்துநாலு வயது. "வாசல்லேர்ந்து ஜன்னலுக்கு நடந்தா பலகையெல்லாம் குறுக்க வரணும்."

"இது சின்ன ரூமுங்க! நூத்தி எண்பது மில்லி அகலத்துல பலகை எடுத்து நீளவாக்குல போட்டா கோடு குறையும், ரூம் பெருசாத் தெரியும். குறுக்க போட்டா தீப்பெட்டி மாதிரி ஆயிடும்."

"நூத்தி முப்பது போதும். ரெண்டு பலகை வெளிர் ஓக், மூணாவது கறுத்த பிளாக்வுட். மறுபடி ரெண்டு வெளிர், ஒண்ணு கறுப்பு. கடைசி வரைக்கும் அப்படியே."

"என்ன, வரிக்குதிரை வளர்க்கப் போறீங்களா?"

கிளைவ் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடு. வெள்ளிக்கிழமை ஒரு அம்மா வீட்டைப் பார்க்க வர்றாங்க."

ஓஹோ, வீட்டை விற்கப் போகிறாரா? இந்தத் தரையைப் பார்த்தால் அந்த அம்மா வாசலோடு திரும்பிவிடுவார் என்று மெர்வ் நினைத்துக்கொண்டார்.

கிளைவின் மனைவி நோரீன் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மெர்வ் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

நோரீன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மெதுவாக வாயைத் திறந்தாள். அதற்குள் கிளைவ், "அவளுக்கும் இதேதான்," என்று முந்திக்கொண்டார்.

மெர்வுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடிக்கையாளரிடம் என்ன சண்டை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

பழைய கம்பளத்தில் மஞ்சள் டேப் வரிவரியாக ஒட்டியிருந்தது. கிழிசலுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார், கஞ்ச மகராசன். டேப்போடு சேர்த்துச் சுருட்டி வண்டியில் எறிந்தார்.

மூன்று நாள் வேலை. மூன்று நாளும் நோரீன் அந்த நாற்காலியிலேயே இருந்தாள். கொஞ்சம் அசைந்தால் போதும், "நோரி, எழுந்திருக்காதே!" என்று கிளைவ் அதட்டினார். டீயும் பிஸ்கட்டும் அவள் மடிக்கே வந்தன. பேச்சும் அவருடையது, முடிவும் அவருடையது.

புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் மெர்வ் தன் மனைவியிடம் புலம்பித் தீர்த்தார். "பொம்மை மாதிரி உட்கார வெச்சிருக்கான் அந்த ஆளு. பாவம், சிரிக்கவே மறந்துட்டா."

வியாழன் மதியம். ஜன்னலோரம் ஒரே ஒரு பலகைதான் பாக்கி.

மெர்வுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பலகையின் அடியில் பென்சிலால் தன் பேரை எழுதித்தான் பொருத்துவார். ஊரில் இருநூறு வீட்டுத் தரைக்கு அடியில் அவர் பேர் இருக்கிறது.

"கிளைவ், மனசுல பட்டதைச் சொல்லிடறேன். இதுல என் பேரை எழுத மாட்டேன். யார் போட்டதுன்னு எவனாவது கேட்டா, தயவுசெஞ்சு என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்க."

"சரி," என்றார் கிளைவ். "கொஞ்சம் ஒதுங்கி நில்லு."

நோரீனைக் கைத்தாங்கலாக எழுப்பி அறை வாசல் வரை கூட்டிவந்தார். அங்கே அவள் நின்றுவிட்டாள். உடம்பு முன்னால் சாய்கிறது, பாதம் மட்டும் ஆணி அடித்ததுபோல் அசையவில்லை. முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது. பிடிக்கப் பாய்ந்த மெர்வைக் கிளைவ் கையமர்த்தினார்.

"நோரி, கறுப்பைப் பாரு. கறுப்பு மேல கால வை."

அவள் குனிந்து பார்த்தாள். வலது கால் எழுந்தது. கறுப்பில் பதிந்தது. இடது கால் அடுத்த கறுப்பில். அப்புறம் அடுத்தது.

கிளைவ் கையை விட்டுவிட்டார்.

யாரும் பிடிக்காமல், எதையும் பற்றாமல், அவள் நடந்தாள். தடுமாற்றம் இல்லை, தயக்கம் இல்லை. ஜன்னல் வரை போனாள், சட்டத்தைப் பிடித்துத் திரும்பினாள், அதே மாதிரி திரும்பியும் வந்தாள். மெர்வ் வாயைப் பிளந்து நின்றார். தான் ஆணி அடித்த பலகைதானா இது என்று அவருக்கே நம்ப முடியவில்லை.

"பார்க்கின்சன் வியாதி," என்றார் கிளைவ். "முகம் இறுகிப்போச்சு, காலும் தரையோட ஒட்டிக்குது. ஆனா ரோட்டுல வெள்ளைக் கோடு போட்டிருக்கற இடத்துல மட்டும் விறுவிறுன்னு தாண்டிப் போவா. அதைப் பார்த்துட்டுத்தான் கம்பளத்துல டேப் ஒட்டினேன். தினம் பிய்ஞ்சு பிய்ஞ்சு வந்துது. அவ ஒரு எட்டு எடுத்து வெச்சா முப்பத்தொம்பது சென்டிமீட்டர். மூணு பலகை அகலம்."

"அப்ப, நாளைக்கு வர்ற அம்மா?"

"இவ நடக்கறதைப் பார்த்துட்டு, இந்த வீட்டுலயே இருக்கலாமா, முதியோர் இல்லத்துக்குப் போகணுமான்னு எழுதிக் குடுக்கறவங்க."

சுருட்டி எறிந்த மஞ்சள் டேப் மெர்வின் கண் முன்னால் வந்து நின்றது.

"வரிக்குதிரைன்னீங்களே," மிக மெல்லிய குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள் நோரீன். "எனக்குக் காது நல்லாக் கேக்கும்." முகம் அசையவில்லை. கண் மட்டும் சிரித்தது.

மெர்வ் முழந்தாளிட்டு உட்கார்ந்து கடைசிப் பலகையைப் புரட்டினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். வெகுநேரம் யோசித்துவிட்டு, முப்பது வருஷத்தில் முதல்முறையாக இரண்டு பெயர்களை எழுதினார்.

'தரை போட்டவர்: கிளைவ். கையாள்: மெர்வ்.'