சிதம்பரம் ரெண்டு

"சிதம்பரம் ரெண்டு சார்."

கண்டக்டர் தேவநாதன் டிக்கெட்டைக் கிழிக்காமல் ஆளை மேலும் கீழும் பார்த்தான். பின்படிக்கட்டை ஒட்டிய சீட்டில், ஒரு வெள்ளை கேனை மடியில் வைத்து அணைத்தபடி உட்கார்ந்திருந்தார் பெரியவர். கேனைச் சுற்றி ஈரத்துணி.

"நீ ஒரு ஆளுதான இருக்க? கேனுக்கும் சேத்தா டிக்கெட்?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. பெரியவர் இரண்டு டிக்கெட்டையும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"உள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

ஒன்றுமில்லாத கேனை எவனாவது கைக்குழந்தை மாதிரி வைத்திருப்பானா? தேவநாதன் குனிந்து ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தான். பாண்டியிலிருந்து கடலூர் வழியாகப் போகிற பஸ். பாண்டிச் சரக்கைத் தேடி மதுவிலக்கு போலீஸ் எந்த இடத்திலும் ஏறலாம். போன மாதம்தான் இதே முதலாளியின் இன்னொரு பஸ்ஸில் சரக்கு பிடிபட்டு, பஸ்ஸையே ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கண்டக்டரின் தோள்பையை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார் முதலாளி. நம் தேவநாதன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"ஈரத்துணி எதுக்காம்?" மகளிர் சீட்டிலிருந்து ஒரு அம்மாள் குரல் கொடுத்தார்.

"2007-லயும் ஐஸ் பொட்டி வாங்க வக்கில்ல. ஆனா சரக்கு மட்டும் சில்லுனு இருந்தாத்தான் தொண்டையில எறங்கும்!" என்றான் பின் சீட்டு வாலிபன்.

மறுபடியும் சிரிப்பு. அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைத்தாச்சிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கடலூரில் முன்படி வழியாக ஏறும்போதே கால் வீங்கி, மூச்சு வாங்க நின்றாள். தேவநாதன்தான் ஒருவரை எழுப்பி அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். அவள் இப்போது பின்னால் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

தேவநாதனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"யோவ்! அங்க என்ன பார்வ, தலையாட்டல்? வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணுய்யா அது. குடிகாரப் புத்திய காட்டுறியா?"

அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள்.

"பாவம், பயந்துடிச்சி" என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார் அந்த அம்மாள்.

"மொதல்ல கேனத் தூக்கி வெளிய எறி."

"ஐயோ வேணாம் சார்! நேத்து பூரா சேத்தது."

"நேத்து பூரா சேத்து, இன்னைக்குப் பூரா குடிப்பியோ?"

"இது இன்னைக்கு சிதம்பரம் போயே ஆவணும் சார். ஒங்க கால்ல வேணாலும் வுழுறேன்."

தேவநாதன் கேனைப் பிடுங்கக் கை நீட்டினான். அதற்குள் பஸ் குலுங்கி நின்றது. ஆலப்பாக்கம் தாண்டி ரோட்டோரம் போலீஸ் ஜீப். ஏட்டு சபாபதி படியேறினார். அவர் கேட்பதற்கு முன்பே, "அந்தா சார், பின்னாடி!" என்று பத்துக் கைகள் நீண்டன.

"என்னய்யா அது?"

"கீழ வாங்க சார், சொல்றேன். இங்க வேணாம்."

"பேரம் பேசப் போறான்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

தேவநாதனும் கூடவே இறங்கினான். கண்ணுக்குள் முதலாளியின் முகம்தான் வந்து வந்து போனது. பஸ்ஸின் பின்பக்கம் போனதும் ஏட்டு மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகம் கோணியது.

"சீ! என்னய்யா இது?"

"மூத்திரம் சார்."

லத்தி ஓங்கியது. "எங்கிட்டயே நக்கலா?"

"சத்தியமா சார். எம் பேரு தங்கராசு, செம்மண்டலம். இது எம் மருமவளோடது. ரெண்டு புள்ளைங்க வயித்துலயே தவறிப்போச்சி. மாசமானா பிரஷர் ஏறிடுது. ஏன் இப்படி ஆவுதுன்னு சிதம்பரத்துல ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி பண்றாங்க. ஒரு நாள் பூரா போறத சொட்டு வுடாம சேத்து, சூடு படாம கொண்டாரச் சொன்னாங்க. ஒடம்புச் சத்து எவ்ளோ இதுல வெளிய போவுதுன்னு பாக்கணுமாம். மவன் சிங்கப்பூருல கெடக்கான். இந்தப் புள்ளையாவது தங்கணும் சார்."

லத்தி தானாக இறங்கியது. ஏட்டு மூடியை இறுக்கித் திருகினார். ஜீப்பிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து, காய்ந்துபோயிருந்த துணி மேல் முழுவதையும் ஊற்றினார்.

"கெளம்புங்க. நேரமாவுது."

தேவநாதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பெரியவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஐயா, இத பஸ்லயே சொல்லியிருக்கலாமே? அத்தன பேரு பேச்சையும் வாங்கிக் கட்டிக்கிட்டீங்களே."

"பேசிட்டுப் போவட்டும் சார். குடிகாரன்னு பேரு வந்தா பஸ்ஸ வுட்டு எறங்குனதும் முடிஞ்சிச்சி. இது இன்னதுன்னு சொன்னா, அத்தன பேரும் அந்தப் புள்ளையப் பாத்து மூக்கப் புடிப்பாங்க. அது ஏற்கெனவே நொந்து கெடக்குது."

"அவங்க வீட்லதான இருக்காங்க? இங்க யாரு அவங்களப் பாக்கப் போறா?"

பெரியவர் முன் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பிள்ளைத்தாச்சிப் பெண் தலையை வெளியே நீட்டி, கண்ணீரும் கம்பலையுமாக இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கேனைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி, ஒன்றும் ஆகவில்லை என்று அவளுக்கு மறுபடியும் தலையை ஆட்டினார். பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அதான் ரெண்டு டிக்கெட் எடுத்தேனே சார்."