அண்ணன் அனுப்பிய பலாப்பழம்

"அண்ணன் குடுத்து விட்டாருக்கா" என்று வேன் டிரைவர் பலாப்பழத்தைத் தோளிலிருந்து இறக்கப் போனான். தையல் மெஷின் முன்னால் இருந்தவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இறக்காத தம்பி! அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போ."

நாலு வருஷக் கோபம். ஒருநாள் சாப்பிடும்போது அண்ணி சுருக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அண்ணன் தட்டைப் பார்த்தபடி சும்மா இருந்தார். பாதிச் சோற்றில் எழுந்து வந்தவள், அப்புறம் பிறந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. போனிலும் பேச்சில்லை.

பழம் மட்டும் வருஷம் தவறாமல் வந்தது. "எங்க வீட்டு மரம்" என்று பெருமை பொங்க, தெருவுக்கே சுளை கொடுத்துவிட்டுத்தான் தின்பாள்.

போன வருஷப் பழம்தான் மனசை முறித்தது. வெட்டினால் கொழகொழவென்று, நாரும் சக்கையுமாக இருந்தது.

"நல்லதெல்லாம் அண்ணி வீட்டு ஆளுங்களுக்கு. கழிச்சது தங்கச்சிக்கா? எங்க மரத்து ருசி எனக்குத் தெரியாதா?"

"அக்கா, அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாத. எங்கேருந்து வந்துச்சோ அங்கயே கொண்டுபோய்ப் போடு."

"சந்தையிலயா?"

மெஷின் நின்றது.

"சந்தையா?"

டிரைவர் பழத்தை மெதுவாக வாசற்படியில் வைத்தான்.

"மரம் காத்துல வேரோட சாஞ்சு மூணு வருஷமாச்சுக்கா. அண்ணன்தான் சந்தையில ஒவ்வொண்ணா தட்டிப் பாத்து, மோந்து பாத்து எடுப்பாரு. போன வருஷம் அவருக்கு முட்டி வலி, எழுந்திரிக்க முடியல. நான்தான் வாங்கிட்டு வந்தேன். எனக்குப் பழம் பாக்கத் தெரியாதுக்கா."

அவள் பழத்தையே பார்த்தாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மரம் போச்சுன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'வேணாம்டா, இந்த வீட்டுல இன்னும் அவளுக்குப் பிடிச்சதுன்னு இருந்தது அந்த மரம் ஒண்ணுதான். அதுவும் இல்லைன்னு தெரிஞ்சா, அப்புறம் எதைப் பாக்க இங்க வருவா?'ன்னாரு."