வாத்தியாரின் பிரேக் லைட்

"ஏங்க, நல்லா ஓடிக்கிட்டிருந்த காரை எதுக்கு இப்படிக் குதறி வெச்சிருக்கீங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. காரின் பின்பக்க விளக்குகள் இரண்டும் கழற்றப்பட்டு, வாசலில் பழைய பேப்பர் மேல் கிடந்தன. பக்கத்தில் ஒயர், டேப், நீளமாக ஒரு சிவப்பு எல்.இ.டி. பட்டை. நடுவில் கணக்கு வாத்தியார் செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பிரேக் லைட் போடறேன்" என்றார்.

"நீங்களா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இருபது வருடத் தாம்பத்தியத்தில் அவர் ஒரு குழாய்க்குக்கூட வாஷர் மாற்றியதில்லை. ஒரே ஒருமுறை சுவரில் ஆணி அடித்தார். அந்த ஓட்டையை மறைக்கத்தான் ஹாலில் இன்றைக்கும் காலண்டர் தொங்குகிறது.

"மெக்கானிக்குன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்?"

"நீ சும்மா இரு. வீடியோவில பத்தே நிமிஷத்துல முடிச்சுட்டான்."

பத்து நிமிட வேலை பதினொரு மணியைத் தொட்டது. அவள் அடுப்பைக் கவனிக்க உள்ளே போய்விட்டாள்.

வாத்தியார் டிரைவர் சீட்டில் ஏறி பிரேக்கை மிதித்தார். இறங்கினார். பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. ஒயரைப் பிரித்து மறுபடி முறுக்கி டேப் சுற்றினார். ஏறினார், மிதித்தார், இறங்கி ஓடினார். எரியவில்லை. நாலாவது ஓட்டத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

மாடி ஜன்னலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தம்பி.

"அண்ணி! பிரேக்கிலேர்ந்து காலை எடுத்தா லைட்டு அணைஞ்சுதான் போகும்னு கணக்கு வாத்தியார்கிட்ட சொல்லுங்க!"

வாத்தியார் அப்படியே நின்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அது எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லு!"

அண்ணன் தம்பி பேச்சு நின்று எட்டு மாதமாகிறது. மொட்டைமாடித் தொட்டி வழிந்த அன்று மோட்டாரை அணைக்காமல் விட்டது யார் என்பதுதான் தகராறு. அந்த உலகப் பிரச்சினைக்குத் தீர்ப்பு வரும்வரை ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை என்று சபதம். ஒரே வீட்டில் மாடியும் கீழும் இருந்துகொண்டு சபதம் போடுவதில் உள்ள வசதிக் குறைவை அவள்தான் சுமக்கிறாள். இருவருக்கும் நடுவில் பத்தடி தூரம். சேதி அவள் வழியாகத்தான் போகவேண்டும்.

"எனக்கு வேற வேலை இல்லை பாரு" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பின்னாடி நின்னு எரியுதா பாரு."

நின்றாள். அவர் மிதித்தார்.

காரின் பின்பக்கம் முழுக்கச் செக்கச்செவேலென்று வெளிச்சம் பாய்ந்தது. பட்டப்பகலிலேயே அவள் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணி, அது பிரேக் லைட்டா, கலங்கரை விளக்கமான்னு கேளுங்க!"

"ஜன்னலைச் சாத்திக்கிட்டுப் போகச் சொல்லு!"

ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

அவளுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. தினம் காலை ஏழரைக்கு அண்ணன் காரில் பள்ளிக்கூடத்துக்கும் தம்பி பைக்கில் அச்சகத்துக்கும் கிளம்புகிறார்கள். ஐந்து நிமிடம் முன்னே பின்னே போனால் யாருடைய கிரீடமும் கீழே விழாது. ஆனால் விட்டுக்கொடுப்பது யார்? அதனால் அந்தக் குறுகலான தெருவில் முன்னால் கார், ஒட்டினாற்போல் பின்னால் பைக்.

அந்த வெளிச்சம் நேராகத் தம்பியின் கண்ணில்தான் அடிக்கும். தாயில்லாத பையன். அவள் கல்யாணமாகி வந்தபோது அரை டிராயரோடு திரிந்தவன். அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"இதுக்குத்தானா இந்தப் பாடு?" என்று கார் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எட்டு மாசமா பேச்சை நிறுத்தியாச்சு. இப்போ அவன் கண்ணையும் அவிச்சுடணும். அவ்வளவுதானே?"

வாத்தியார் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

"பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு நல்ல புத்தி சொல்ற வாய்தானே இது? அவன் கண்ணு கூசி எங்கேயாவது விழுந்து வெச்சா என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க!"

"மெதுவாப் பேசு. அவன் காதுல விழப்போகுது."

"விழட்டும்! அண்ணன் லட்சணம் அவனுக்கும் தெரியட்டும்."

அவர் சீட்டை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நேத்து தெருமுனையில ஒரு நாய் குறுக்கே ஓடுச்சு. சட்டுனு பிரேக் போட்டேன். கண்ணாடியில பார்த்தா, அவன் பைக்கு அலைபாஞ்சுக்கிட்டு வருது. பம்பருக்கு ஒரு சாண் தள்ளி நின்னான். முகம் வெளுத்துப் போச்சு அவனுக்கு."

அவள் கை கதவிலிருந்து நழுவியது.

"வந்து கழட்டிப் பார்த்தேன். ரெண்டு பல்பும் கருகிக் கிடந்துச்சு. எத்தனை நாளாவோ. நான் பிரேக் போடறதே தெரியாமதான் அவன் பின்னாடி வந்துக்கிட்டிருந்திருக்கான்."

"அதை மெக்கானிக்கிட்ட விட வேண்டியதுதானே?"

"அவன் நாளைக்குப் பத்து மணிக்குத்தான் கடை திறப்பான். இவன் ஏழரைக்கே பின்னாடி வந்துடுவானே."

அவள் கோபம் இறங்கியது. இருந்தாலும் விடவில்லை.

"இவ்வளவு அக்கறை இருக்கறவர், கொஞ்சம் தள்ளி வாடான்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

வாத்தியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவன்கிட்ட நான் பேசமாட்டேன்" என்றார். இன்னொரு தடவை பிரேக்கை மிதித்துவிட்டு, பின்பக்கம் போய் நிற்கும்படி அவளுக்குக் கையைக் காட்டினார்.

"பேசமாட்டேன்னுதான் சொன்னேன். செத்துப் போன்னா சொன்னேன்?"