விரும்பிக் கேட்பவர்

ஒவ்வொரு காதுக்கும் தனி வானொலி நிலையம் வந்துவிட்ட காலம் அது. அவரவர் மனமறிந்து அது பாடியதால், பிடிக்காத பாட்டு என்பதே எவருக்கும் இல்லை.

சவரிமுத்துவின் இளமையில் வானொலி அறிவிப்பாளர் பாட்டுக்கு முன், "விரும்பிக் கேட்பவர்" என்று தொடங்கி, அதைக் கேட்டு எழுதிய நேயர்களின் ஊரும் பெயரும் வாசிப்பார். முகமறியாத அத்தனை பேர் கேட்ட பாட்டு என்பதாலேயே அவருக்கும் அது பிடித்துப்போகும்.

"இந்தப் பாட்ட வேற யாரு கேட்டாங்க?" என்றார் ஒருநாள்.

"இது உங்களுக்காக மட்டுமே உருவானது, ஐயா," என்றது நிலையம்.

அவர் காதுக்கருவியைக் கழற்றினார். அடுப்படியில் மனைவி லூர்துமேரி தன் நிலையத்தோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"லூர்து, அதச் சத்தமாப் பாடேன்."

"ஐயோ, உங்களுக்குப் பிடிக்காதுங்க."

"பிடிக்காட்டி என்ன, பாடு."

அவள் சிரித்துக்கொண்டே கருவியைக் கழற்றிவிட்டுத் தொண்டையைச் செருமினாள். அவர் அந்நாளைய அறிவிப்பாளரின் குரலில் சொன்னார்: "விரும்பிக் கேட்பவர், அடுப்படி வாசலிலிருந்து சவரிமுத்து."