கட்டங்கள் எழுத்தான மத்தியானம்

"பழைய இரும்புக்காரன் வாசல்ல நின்னுக்கினு கீறான்..."

"நிக்கட்டும்! திருப்பதியில வாங்கின தமிழ் எழுத்து சிடி கம்ப்யூட்டர்ல ஏறிக்கினு இருக்குது, கைய வெக்காத."

"கெழட்டுப் பொட்டிக்குப் புது சிடியா? பொணத்துக்கு டானிக்கு ஊத்தறா மாரி! கடைய மூடு, நான் குவைத்துக்குப் போறேன்."

"போயேன், ஒட்டகத்தோட சண்ட போட்டுக்கினு இரு!"

எத்திராஜ் விருட்டென்று வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றான்.

ஆந்திராவில், புத்தூரில் அவர்களுடைய டைப்பிங் கடையில் தெலுங்கு நன்றாக வரும். தமிழ் அடித்தால் மட்டும் திரையில் வெறும் கட்டங்கள். பிச்சாட்டூர்ப் பக்கத்துத் தமிழ்க் கல்யாணப் பத்திரிகைகள் வந்தால்தான் கடை பிழைக்கும். கடை பிழைத்தால்தான் யசோதாவின் புருஷன் ஊரில் தங்குவான்.

சிடி ஏறி முடிந்தது. கம்ப்யூட்டர் அணைந்து, தானே எழுந்தது. திரை நிறையத் தமிழ்! காலும் கொம்பும் பிசகாத தமிழ். யசோதா கைதட்டிவிட்டாள்.

அப்புறம்தான் வாசித்தாள். யாரும் எதையும் அடிக்கவில்லை. கீபோர்டு உறைக்குள் கிடந்தது. திரையில் இருந்தது அவர்களுடைய சண்டை. அவன் பெயர், அவன் பேச்சு; அவள் பெயர், அவள் பேச்சு. ஒட்டகம் இருந்தது. 'கினு'வைக்கூடத் திருத்தாமல் அப்படியே போட்டிருந்தது.

கடைசியில் எத்திராஜ் பெயரில் ஒரு பேச்சு கூடுதலாக இருந்தது. அதை அவன் இன்னும் பேசவில்லை. யசோதா இரண்டு தரம் படித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ராணி மாதிரி நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தாள்.

வாசலில் முதுகு காட்டி நின்றவன் தொண்டையைச் செருமி, திரையில் இருந்த அதே பேச்சைத் திரும்பாமலே சொன்னான்.

"சரி, நீயே கெலிச்ச. குவைத்தும் வோணாம், ஒண்ணும் வோணாம். இன்னா, இதப் படிச்சுட்டா சிரிச்சிக்கினு கீற?"