ரிசப்டர் இல்லாத மாப்பிள்ளை

பச்ச மொளகா போட்ட ரசவடைய ஒரு கடி கடிச்ச கையோட ஷைஜா கண்ணத் தொடச்சா. விபினுக்கு உள்ளுக்குள்ள நிம்மதி. அழ ஆரம்பிச்சிட்டா, இனி பாதி வேல முடிஞ்ச மாதிரி.

நெய்யூர்ல பஸ் ஸ்டாப்ப ஒட்டின டீக்கடை. சனிக்கிழம சாயங்காலம். "ஒன்னப் பாத்தே ஆவணும்"னு கூப்பிட்டது அவதான். ஆறு வருச லவ்வு, ஊருக்கே தெரியும். கலியாணத்தப் பத்திப் பேசத்தான் கூப்பிடுகான்னு விபினுக்குப் புரிஞ்சுபோச்சு.

திங்கக்கிழம அமெரிக்காவுக்கு பிளைட்டு. அதுக்குள்ள இவளக் கழட்டி விடணும், ஆனா பழி தம்மேல வரப்பிடாது. பழியத் தூக்கிப் போட ஒரு எலி வச்சிருந்தான். அங்க அவன் பிஎச்டிக்கு ஆராய்ச்சி பண்ணுக எலி.

"வோல்னு ஒரு எலி உண்டும் ஷைஜா. புல்வெளியில கெடக்கது ஒரு ஜோடி சேந்துட்டுன்னா பெரும்பாலும் அதோடயே இருந்திரும். மலையில கெடக்கது அப்பிடியில்ல, சோலி முடிஞ்சதும் நடையக் கட்டிரும். ஆக்சிடோசின், வாசோபிரசின்னு ஹார்மோன் ரெண்டுக்கும் உண்டு. அதப் பிடிச்சு வைக்க ரிசப்டர் இருக்குல்லா, அது மலையெலி மூளையில வேண்டிய எடத்துல கம்மி. அதுமேல குத்தம் சொல்ல முடியுமா?"

"முடியாதுல்லா."

"நான் மலையெலிட்டி."

என்னா ஒரு தியாகம்! இதச் சொல்லதுக்குக் காலைல இருந்து கண்ணாடி முன்னால நின்னு பழகியிருக்கான்.

ஷைஜா டீய ஆத்திக்கிட்டே கேட்டா. "அந்த ரிசப்டரயே இல்லாம ஆக்கின பொறவும் புல்வெளி எலி ஜோடி சேந்துச்சுன்னு நீதான போன்ல சொன்ன? அப்ப ஒனக்கும் திடீர்னு ஒரு பிடிப்பு வந்திராதா?"

விடமாட்டேங்காளேன்னு இருந்துச்சு அவனுக்கு. "அது எலிட்டி. நான் மனுசன்லா."

ஒரு நிமிசம் முந்தி வரைக்கும் எலியா இருந்தவன்.

"பொட்டெலிக்க விருப்பம் என்னன்னு யாராவது பாப்பியளா?"

"ஆணு யாருகிட்ட போவுதுன்னு பாக்கதுக்குப் பொட்டையக் கழுத்துல கட்டிப் போட்டிருப்போம். அது எங்க போவும்?"

"அதும் சரிதான்."

லீவுக்கு வந்த எடத்துல விபினுக்கு வேற ஆராய்ச்சி ஒண்ணும் கெடையாது. ரெண்டு ஞாயிறும் ஜெட் லாக்குன்னு சொல்லி மத்தியானம் வரைக்கும் உறக்கம். சர்ச்சுக்குப் போயிட்டு வந்த அம்மை அவன் தட்டுல ஒரு அயில கூடுதலா வச்சு, "ஒனக்கு விதிச்சது அவ்வளவுதான் மக்கா"ன்னு தலையத் தடவினா. மீனத்தான் சொல்லுகான்னு நெனச்சு, இன்னொண்ணு கேட்டு வாங்கித் தின்னான் நம்ம விஞ்ஞானி.

ஷைஜா டம்ளர வச்சிட்டு நேரா அவன் மொகத்தப் பாத்தா. "அப்ப என்மேல ஒனக்கு ஒரு இதும் இல்ல?"

"துளிகூட இல்ல."

"நாலு பேரு முன்னால கேட்டாலும் இதத்தான் சொல்லுவியா?"

பஞ்சாயத்து வைக்கப் பாக்காளோன்னு அவனுக்கு லேசா வேர்த்துச்சு. ஆனாலும் நெஞ்ச நிமித்தினான். "போதகரே கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன். நீ எனக்கு வேண்டாம்."

"சத்தியமா?"

"பைபிள் மேல சத்தியமா."

அவ நீளமா ஒரு மூச்சு விட்டா. பாவம், ஒடஞ்சு போயிட்டா. விபினுக்கே மனசு கொஞ்சம் இளகிச்சு. பெரிய மனசு பண்ணி அவ கையப் பிடிக்கப் போனான்.

"அழாதட்டி. ஒனக்குன்னு ஒருத்தன் வராமலா போவான்?"

"வந்தாச்சு." கைய இழுத்துக்கிட்டு ஷைஜா எழும்பினா. "ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்க ஜேசுதாஸத் தெரியும்லா? எனக்கும் அவனுக்கும் கலியாணம்னு போன ரெண்டு ஞாயிறும் சர்ச்சுல ஓலை வாசிச்சாச்சு. நாளைக்கு மூணாம் ஓலை, அதோட முடிஞ்சுது."

விபினும் கூடவே எழும்பினான். "பின்ன... என்ன எதுக்குட்டி கூப்பிட்ட?"

"'இந்தக் கலியாணத்துக்கு யாருக்காவது தடை உண்டா'ன்னு போதகர் கேக்கும்போ, நீ எழும்பி நின்னிருவியோன்னு பயந்துட்டேன்."